சன்ஷேடுக்கு முட்டுக் கொடுத்த அப்பா

எங்கள் வீட்டைக் கட்டியது அம்மாவின் தம்பி. சேந்தமங்கலத்தில் கொத்து வேலை பழகியவர். மலையில் சோளக்காடு ஊருக்கு மேலே எங்கள் பக்கம் மழை சாய்ந்துதான் அடிக்கும் என்பதால் முன்வாசலுக்கு மேல் மூன்றடி அகலத்துக்கு சன்ஷேடு போட்டுக் கொடுத்தார். அதைத் தாங்கத் தூண் கிடையாது. கம்பிகள் சுவருக்குள் போய்விட்டன, மேலே இருக்கும் பாரம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று மாமா எத்தனையோ முறை சொன்னார். அப்பா தலையாட்டினார். மாமா ஊருக்குப் போன மறுநாளே சில்வர் ஓக் மரத்தில் ஒரு கம்பம் வெட்டிவந்து கீழே முட்டுக் கொடுத்துவிட்டார்.

அடுத்த முறை வந்த மாமா அதைப் பார்த்தார். அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அன்று மதியம் மொட்டைமாடியில் காய்ந்த மிளகை ஆட்டுக்குட்டி ஒன்று மிதித்துக்கொண்டிருந்தது. நான் விரட்டியதும் அது சன்ஷேடில் குதித்துவிட்டது. பிடிக்கிற வேகத்தில் நானும் இறங்கிவிட்டேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன். குட்டியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"அசையாத கண்ணு," என்றார் அப்பா, கீழே கம்பத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மாடிக்கு ஏறிவிட்ட மாமா கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதைப் பார்த்ததும் அப்பா கத்தினார். "டேய், நீ எறங்காத. ரெண்டு பேரத் தாங்காது."

"தாங்குமுங்க மச்சான்," என்று சொல்லிவிட்டு மாமா இறங்கினார்.

நல்ல கனமான ஆள். என் பக்கத்தில் வந்து நின்று, முதலில் குட்டியையும் பிறகு என்னையும் தூக்கி மேலே அம்மாவிடம் கொடுத்தார். ஒரு துளி காரைகூட உதிரவில்லை.

நாங்கள் கீழே வந்தபோது அப்பா இன்னும் கம்பத்தை விடவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழை ஈரத்தில் கம்பத்தின் அடி மண்ணில் புதைந்து, மேல்முனைக்கும் சன்ஷேடுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். என்னைத்தான் கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அப்பா கம்பத்தைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, சன்ஷேடுக்குக் கீழே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"வாங்க மாப்ள, இங்கயே உக்காந்து டீ குடிப்போம்," என்று கூப்பிட்டார்.

அப்பா 'வாங்க' என்றதும், யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்து நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன்.