மஹய்யாவ வீட்டுக் கொம்பியூட்டருக்கு நான் போட்ட பூட்டு

பழைய கொம்பியூட்டர் சூடேறும்போது தூசி கருகுகிற மாதிரி ஒரு வாசம் வரும்... கண்டி மஹய்யாவயில் எங்கள் வீட்டின் முன்னறை முழுக்க அந்த வாசம்தான்.

செகண்ட் ஹாண்டில் வாங்கிய பெட்டி. லினக்ஸ் போட்டது நான். யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். எனக்கு கொழும்பில் வேலை. வீட்டில் அப்பாவும், ஏ லெவல் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி வதனியும். அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஏதாவது பழுதானால் வதனி போன் பண்ணுவாள். நான் ஒபீசிலிருந்தே ப்ரவுசரைத் திறந்து, வீட்டுப் பெட்டியைச் சரிசெய்வேன். அதற்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது.

ஆனால் நான் நுழைகிற வாசலில் மற்றவர்களும் நுழையலாமே... யார் வந்து தட்டினாலும் பெட்டி எழுதிவைக்கும் பதிவு, அந்த லொக்கைப் பார்த்தால், எங்கெங்கோ நாடுகளிலிருந்து யார் யாரோ பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலை வெளியுலகுக்கு அடைத்தேன். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான வழியாக, என்னிடம் இருந்த சாவிக்கோப்போடு வந்தால் மட்டுமே திறக்கும். போகிற வருகிற தகவலெல்லாம் என்கிரிப்ட் ஆகிவிடும். எவன் தட்டுகிறான் என்று வதனியும் பார்க்கட்டுமென, அந்த லொக்கைத் திரையில் ஓடவிட்டிருந்தேன்.

ஒரு காலை, எங்கள் வரிசையில் வீடு வீடாகத் தேடுதல். வதனி ஸ்கூலுக்குப் போய்விட்டாள். அப்பா மட்டும்தான் இருந்தார். ஆளில்லாத கதிரைக்கு முன்னால் திரையில் வரிகள் தானாக ஓடுவதைப் பொலிஸ்காரர்கள் பார்த்தார்கள்.

"இத யாரு நடத்துறது?"

"மூத்த மக சேர். கொழும்புலருந்து பாக்குறா."

உள்ளே வர முடியாமல் தோற்றவர்களின் முகவரிகள் அவை. பொலிஸுக்கு அது வெளிநாட்டுத் தொடர்பு. பெட்டியையும் அப்பாவையும் சேர்த்தே ஜீப்பில் ஏற்றினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணியதும் பஸ் ஏறினேன். ஸ்டேஷனில் அப்பா ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார், செருப்பில்லாமல். போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். "ஒளிக்க ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் பூட்டு?"

"உங்க வீட்டுக் கதவுக்குப் பூட்டு இல்லீங்களா சேர்?"

அவர் முகம் மாறியது. அப்பா என் கையைப் பிடித்தார். "பேசாம இரும்மா."

பாஸ்வேர்டைக் கொடுத்தேன். என் கண்முன்னே எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்கள். வதனியின் கெமிஸ்ட்ரி நோட்ஸ், கோயில் திருவிழாப் படங்கள், அம்மா... ஒருவர் அம்மாவின் படத்தில் நிறுத்தி, "இது யாரு?" என்றார். இறந்துபோன என் அம்மா யாரென்று நான் விளக்கம் சொன்னேன்.

அடுத்த நாள் பின்னேரம் அப்பாவை விட்டார்கள். சும்மா விடவில்லை, வாராவாரம் போய்க் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க இந்த ஊர் ரோட்டைக் கூட்டிய மனிதர், குற்றவாளி மாதிரி வரிசையில் நின்றார்.

பெட்டி யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லை. கேட்டதற்கு, "இதுதான் இருந்தது" என்றார்கள். மாமாவின் டிஜிட்டல் கமராவில் எடுத்த அம்மாவின் கடைசிப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஒன்றைக்கூட பிரிண்ட் போட்டிருக்கவில்லை.

மன்னிப்பு கேட்டார்களா என்று கேட்காதீர்கள்.

இப்போது கண்டியிலேயே கம்பனிகளுக்கு இதே வேலையைத்தான் செய்கிறேன். "மிஸ், எல்லாம் என்கிரிப்ட் பண்ணிட்டீங்கதானே?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. பூட்டாவிட்டால் திட்டுகிறார்கள். சிரித்துக்கொண்டே "ஓம் சேர்" என்பேன்.

போன மாதம் அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். விரல் வைத்தால் திறக்கும்படி செய்யப்போனேன். வேண்டாமென்று போனை என் கையிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார்.

"பூட்டெல்லாம் போடாதம்மா. யாராச்சும் கேட்டா ஒடனே காட்டணும்ல."