பொட்டு வைத்த புது கம்ப்யூட்டர்

விஜயதசமியன்று அழகர்கோவில் போகலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். செருப்பை மாட்டும்போது போன் வந்தது. கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனுக்கு ஏது லீவு? அவள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

கூப்பிட்டது விளாங்குடி செல்வி. வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்டு, கல்யாண ஜாக்கெட் வேலை செய்கிறவர். அவர் கணவர் பாண்டி ஆயுத பூஜைக்கென்று புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாகிவிட்டது. புதுசுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி கும்பிட்டிருக்கிறார்கள். பூஜையன்று தொழில் சாமான்களைத் தொடக்கூடாதே, அதனால் யாரும் ஆன் செய்து பார்க்கவில்லை. மறுநாள் நல்ல நேரத்தில் ஆன் செய்து, பென்டிரைவில் வைத்திருந்த டிசைன் சாஃப்ட்வேரைப் போட்டால், திறக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போனதும், வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

“பழசுல ஓடுனது, இம்புட்டு புதுசுல ஓடாதாண்ணே?” என்றார் பாண்டி.

ஓடாது. டாங்கிள் என்கிற சின்னச் சாவி யுஎஸ்பியில் செருகியிருந்தால்தான் அந்த சாஃப்ட்வேர் திறக்கும். அந்தச் சாவியைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் டிரைவர் என்ற புரோகிராம் விண்டோஸ் 7-க்கு எழுதியது. புதுசில் இருந்ததோ விண்டோஸ் 11. புது டிரைவர் கேட்கலாமென்றால், அதைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள்.

செல்வி சத்தம் போடவில்லை. பட்டுத்துணியை மடித்தபடியே சொன்னார்: “நாளைக்கழிச்சு முகூர்த்தம்ணே. நேத்துதான் பொண்ணு கை அளவை மாத்திச் சொல்லுச்சு. டிசைனைச் சின்னதாக்காம போட முடியாது. என்னைய நம்பி வேற எங்கயும் குடுக்கல.”

எனக்குப் பாவமாக இருந்தது. புது கம்ப்யூட்டரிலேயே விண்டோஸ் 7 போட்டுப் பார்த்தேன். மவுசும் கீபோர்டும் செத்துப்போயின. அந்தப் புது மதர்போர்டுக்குப் பழைய விண்டோஸில் டிரைவர் கிடையாது. எக்ஸ்சேஞ்ச் கடைக்கு போன் செய்தால், பழைய பெட்டியைப் பிரித்துவிட்டார்களாம்.

கடைசியில், பழைய இரும்புக்குப் போடச் சொல்லி என் மனைவி தினமும் திட்டும் குவியலிலிருந்து ஒரு விண்டோஸ் 7 பெட்டியைத் தூக்கி வந்தேன். தூசி தட்டி, செல்வியின் பென்டிரைவிலிருந்து சாஃப்ட்வேரும் பழைய டிரைவரும் போட்டு, டாங்கிளைச் செருகினேன். சாஃப்ட்வேர் திறந்தது. டிசைன்களும் அதே பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. சாயங்காலம் ஊசி ஓடும் சத்தம் கேட்டபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். எந்த சாஃப்ட்வேர், என்னென்ன மெஷின் மாட்ட வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அதற்கு எந்த விண்டோஸ் ஒத்துவரும் என்று பாருங்கள். பெட்டி கடைசியில்தான். புதுசில் ஒரு வேலையாவது முழுதாக முடியும்வரை பழசைக் கொடுக்க விடாதீர்கள். எப்படியும் வாங்கிவிட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

போன மாதம் செல்வியே என் கடைக்கு வந்தார். கையில் டாங்கிள்.

“வேற எம்பிராய்டரி மெஷின் பாக்கலாம்னு இருக்கோம்ணே. இன்னும் வாங்கல. இதோட ஒத்துவருமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

இத்தனை வருஷ சர்வீஸில் வாங்குமுன் என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டேன்.