இன்டென்சிவில் ஒரு வாரம்

இந்த ஊரில் யாராவது கையுறையைத் தொலைத்துவிட்டால், கண்டெடுப்பவர் அதைப் பக்கத்து வேலிக் கம்பத்தின் தலையில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். தொலைத்தவர் திரும்பி வந்தால் கண்ணில் படட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அதனால் குளிர்காலம் முழுக்க, என் மகள் இனியாவைப் பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போகிற வழியெல்லாம் கைகள். சிவப்புக் கை, நீலக் கை, கரடிப் படம் போட்ட குழந்தைக் கை. உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாயோடு வந்த ஒரு அம்மாள் என்னைத் தூக்கி நிறுத்தி, குளிர் தாங்காத புது ஆள் என்று நினைத்துக்கொண்டு, "போகப் போகப் பழகிவிடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தலையாட்டினேன்.

பழகவில்லை. என் மகளின் கையை என்னால் பிடிக்க முடியாது, அதுதான் சங்கதி. ஐந்து வயதுப் பிள்ளை, கையுறையைப் போட்ட மறுநிமிடமே கழற்றிவிடுவாள். வெறுங்கையால் பனியை அளைந்துவிட்டு, சில்லிட்ட விரல்களை என் உள்ளங்கைக்குள் நுழைப்பாள். நுழைத்ததும் நான் உதறிவிடுவேன். நான் உதறுவதில்லை, என் கை உதறும். ஒரு நாள் சாலையைக் கடக்கும்போது அப்படி உதறினேன். அவள் தடுமாறி விழுந்தாள், ஒரு கார் அவளுக்கு அருகே வந்து வழுக்கி நின்றது. அன்று மாலை என் மனைவி ஹேமா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "உங்களால அவ கையப் புடிக்க முடிலன்னா, இனிமே நீங்க அவள இட்டுக்கினு போக வேணாம்" என்றாள். அவள் நர்ஸ். அவளுடைய வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இந்த நாட்டுக்கே வந்தோம். நான் சொல்லப்போகிற சிகிச்சையைத் தேடிக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

எனக்குச் சொந்த ஊர் வல்லம் வடகால். அடுத்த தெரு சாலமனும் நானும் ஒன்றாகப் படித்து, ஒன்றாக ஐடிஐ முடித்து, ஒரகடத்தில் ஒரே பிரஸ் ஷாப்பில் சேர்ந்தோம். தகட்டை அடித்துக் கார் உறுப்பாக்கும் இயந்திரம் எங்களுடையது. இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒருசேர அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஒரு மத்தியான ஷிப்டில் யாரும் அமுக்காமலே இறங்கியது. சாலமனின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. சூப்பர்வைசர் அதைத் துணியில் சுற்றி, கவரில் போட்டு, கேன்டீன் சாம்பார் தூக்கில் ஐஸை நிரப்பி உள்ளே வைத்து, என்னிடம் கொடுத்து வேனில் ஏற்றினார். சாலமன் என் பக்கத்தில் சாய்ந்திருந்தான். தூக்கு என் மடியில். ஶ்ரீபெரும்புதூர் தாண்டி, செம்பரம்பாக்கத்து ஏரிப் பக்கம் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. எவர்சில்வர் குளிர் பேண்ட்டைத் தாண்டித் தொடையில் ஏறியது. சென்னையில் டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள், கை ஒட்டவில்லை. சாலமன் ஆறு மாதத்தில் தேறி வேறு கம்பெனியில் ஸ்டோர் வேலைக்குப் போய்விட்டான். தேறாமல் நின்றது நான். ஒரு கீறல் கூடப் படாதவன்!

வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வருடக்கணக்கில் பேசும் வைத்தியத்தை இங்கே ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் தூக்கின் மூடியைத் திறக்கும் நேரத்தில் மணி முடிந்துவிடும். இது வேறு தினுசு, இன்டென்சிவ் என்று பெயர். ஒரு வாரம், காலையிலிருந்து சாயங்காலம் வரை, வேறு எந்த வேலையும் இல்லாமல் அந்த ஒரே விஷயத்தோடு உட்கார வேண்டும். நடுவில் சில நாள் கெட்டமைன் என்ற மருந்து. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதுதான், ஆனால் சிறிய அளவில், டாக்டர் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்த பிறகு, நர்ஸ் பக்கத்திலேயே இருக்க. ஆற்றுப்படுத்துநரின் பெயர் ஜோன். "சிலர் இதை ட்ரிப் என்பார்கள்" என்றார். நம் ஊர்க்காரனுக்கு ட்ரிப்ஸ் தெரியாதா? காய்ச்சலோ களைப்போ, பாட்டிலைத் தொங்கவிட்டு ஏற்றினால்தானே வைத்தியம் பார்த்த திருப்தி! அதனால் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, பாட்டில் ஸ்டாண்டைத் தேடினேன். புஜத்தில் ஒரு ஊசி, அவ்வளவுதான். அவர் சொன்ன ட்ரிப், மருந்தில் மனசு போய்வருகிற பயணமாம்.

போவதற்கு முன் அம்மாவுக்கு போன் செய்தேன். "ஒரு வாரம் போன் எடுக்க மாட்டேன்மா. இன்டென்சிவ்ல இருப்பேன்." அந்தப் பக்கம் "இன்னாது?" என்று ஒரு குரல், பிறகு லைன் கட். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊசிக்குப் பின் நடந்ததைச் சொல்லத் தமிழும் பத்தாது. கண்ணை மூடும் துணிப் பட்டை, போர்வை, எங்கோ மெல்லிய இசை. கட்டில் முதலில் காணாமல் போனது, அப்புறம் கால்கள், அப்புறம் நான். நான் இல்லாமலே பார்வை மட்டும் மிதந்தது. ஒரகடம் சாலை விளக்குகள் கீழே ஒழுகிக்கொண்டிருந்தன. கம்பெனி பஸ்கள் சத்தமில்லாமல் நீந்திப் போயின. செம்பரம்பாக்கம் ஏரி எழுந்து நின்றது. அதற்குள் எங்கள் வேன், ஜன்னலெல்லாம் தண்ணீர். அதற்குள் நான் உட்கார்ந்திருந்தேன். பயம் இல்லை, அதுதான் அதிசயம். அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மடியில் தூக்கு. அதன் மேல் அவன் இடது கை. அதுவரை எத்தனையோ தடவை நான் அந்த வேனுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன், ஆனால் ஒரு தடவை கூட வலது கை எங்கே இருந்தது என்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். அது வேறொரு கைக்குள் இருந்தது. கதகதப்பாக, ஆயில் பிசுக்கோடு.

மறுநாள் ஜோனிடம் சொன்னேன். "உங்கள் மகளின் கையா?" என்று கேட்டார். என் மகளின் கையில் ஏது கம்பெனி ஆயில்! இல்லை என்றேன். "மருந்தில் தெரிவதெல்லாம் நடந்ததாக இருக்க வேண்டியதில்லை. சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தச் சூடு இப்போதும் இருக்கிறதா?" என்றார். இருந்தது. வாரத்தின் மிச்சமெல்லாம் தூக்கின் குளிரிலிருந்து அந்தச் சூட்டுக்குப் போவதும், திரும்பி வருவதுமாகக் கழிந்தது.

கடைசி நாள் போனைத் திறந்தால் தவறிய அழைப்புகளாகக் கொட்டியது. அம்மா, சித்தப்பா, பிறகு சாலமன், சாலமன், சாலமன். அவனுடைய வீடியோ அழைப்பை நான் எடுத்து வருஷமாகிறது. அந்தக் கையைப் பார்க்கத் திராணி இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மறுபடி அழைத்தான். அன்று எடுத்தேன்.

"டேய், உசுரோடதான் கீறியா?" என்று கத்தினான். "ஐசியூல கீறேன்னு உங்கம்மா ஊரையே கூட்டிடுச்சு. வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை வேண்டிக்கினு கீது. அதுக்கில்ல, உனக்கு!"

"ஐசியூ இல்லடா, இது வேற இன்டென்சிவ். மனசுக்குப் பாக்கற வைத்தியம். ஹேமா சொல்லலியா?"

"சொல்லுச்சு. நல்லா கீறாருன்னுச்சு. நர்ஸுங்க எப்பவும் அப்பிடித்தான சொல்லும், யாரு நம்புவா? சரி, இன்னா மருந்து குடுத்தாங்க?"

"கெட்டமைன்."

"பேர்லயே கெட்டதுன்னு கீதேடா! அத்தப் போயா போட்டுக்கின?"

சிரித்தேன். சிரிப்பு ஓய்வதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "சாலு, அன்னிக்கு வேன்ல உன்னோட இன்னொரு கைய நான் புடிச்சிக்கினு வந்தனா?"

அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"நீ எங்கடா புடிச்ச? நீ கிடுகிடுன்னு நடுங்கிக்கினு உக்காந்திருந்த. தூக்கக் கீழ போட்டுடப் போறியேன்னு நான்தான் உன் கையப் புடிச்சிக்கினேன். பூந்தமல்லி வரிக்கும் வுடல. அதுக்கப்புறம் எனக்கு நெனப்பு இல்ல." பிறகு சிரித்தான். "கை போனவன் நானு. ஆனா கையப் புடிச்சிக்கினு வந்தது உன்ன!"

அழுதேன். வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன். அவன் போனை வைக்காமல், "அழு, அழு, ஃப்ரீ கால்தான" என்றான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஃப்ரீசரைத் திறக்க இன்னும் ஹேமாவைத்தான் கூப்பிடுகிறேன். ஜோனிடம் மாதம் ஒரு முறை போகிறேன். ஆனால் சில வாரங்கள் என்னோடு கூடவே நடந்து பார்த்த பிறகு, காலை நேரத்துப் பொறுப்பை ஹேமா என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் இனியா தன் சிவப்புக் கையுறைகளில் ஒன்றைத் தொலைத்தாள். மிஞ்சிய ஒற்றையைக் குப்பையில் போடப் போனேன், தடுத்துவிட்டாள். "சாலு மாமாவுக்கு அனுப்பலாம்பா. அவருக்கு ஒண்ணு போதும்ல?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாலமனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஊருக்குப் போன ஹேமாவின் தோழியிடம் கொடுத்தனுப்பினோம்.

போன வாரம் படம் வந்தது. பங்குனி வெயில் காயும் ஒரகடம் சாலை, அவனுடைய பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், அதன் கண்ணாடியில் மாட்டிய சின்னச் சிவப்புக் கை. கூடவே குரல் செய்தி: "எனக்கு சுண்டுவிரல் கூட நொழையல. வண்டிக்குக் குளிரக் கூடாதுன்னு மாட்டி வுட்டுட்டேன்னு பாப்பாகிட்ட சொல்லு."

இங்கே இன்னும் பனி கரையவில்லை. அதன் ஜோடி எங்காவது ஒரு வேலிக் கம்பத்தில் நிற்கும் என்று நானும் இனியாவும் தினமும் பார்த்துக்கொண்டே போகிறோம்.

"கிடைச்சா அதையும் மாமாவுக்கு அனுப்பிடலாமா?" என்று இன்று கேட்டாள்.

"வேணாம்மா. அது இங்கயே நிக்கட்டும்" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல வெறுங்கையை என் கைக்குள் நுழைத்தாள். சில்லென்று இருந்தது. பஸ் வரும் வரைக்கும் நான் விடவில்லை.