ஷெரீப் எனக்குத் தந்த ஒரு வெடி

என் வாழ்க்கையில் நான் துப்பாக்கி நீட்டிய ஒரே மனிதர் என் சித்தப்பா. அப்போது எனக்கு ஒன்பது வயது. அவர் தலையில் கோழி இறகுகள் செருகியிருந்தார்.

எர்லாங்கனிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு சிற்றூரில், ஓடாமல் நின்றுபோன தங்குவிடுதி ஒன்றை எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கு என்றால், ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த தமிழருக்கு. வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. சமைக்கலாம், காத்திருக்கலாம். அங்கிருந்த ஆண்கள் இரண்டாவதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

அடுத்த வீட்டில் ஷெரீப், அதாவது கௌபாய் படங்களில் வரும் ஊர்க்காவல் அதிகாரி, இருந்தார். அது அவருடைய தொழில் அல்ல. தொழில், குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிப்பது. சனி ஞாயிறுகளில் அகலத் தொப்பியும் தகர நட்சத்திரமும் அணிந்து, ஊருக்கு வெளியே இருந்த கௌபாய் சங்கத்தில் ஷெரீப் ஆகிவிடுவார். ஜேர்மன்காரரில் இப்படியும் ஒரு வகை உண்டு. யாருக்கும் கெடுதல் செய்யமாட்டார்கள். றிவோல்வரைக் கட்டிக்கொண்டு தெருவில் திரியச் சட்டம் விடாது. ஆனால் தோல் உறை இல்லாமல் அவருக்கு இடுப்பு வெறுமையாக இருக்கும் போலும். கிழமை நாட்களில் அந்த உறைக்குள் மடக்கு அளவுகோல் இருந்தது. எங்கள் குளியலறையை அளக்க வந்தவர் அதை உருவிய வேகத்தில் அம்மா கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டார்.

ஷெரீப்பிடம் சில றிவோல்வர்கள் இருந்தன. அவருக்கு உயிர் அவற்றில் ஒன்றின் மேல்தான். மரக் கைப்பிடி, நீண்ட குழல். ஒவ்வொரு வெடிக்கும் முன்பும் பின்னால் கொக்கிபோல் நிற்கும் துண்டைப் பெருவிரலால் இழுக்கவேண்டும். தமிழில் அதைக் குதிரை என்பார்கள். அந்தச் சங்கத்தில் இருந்த ஒரே குதிரையும் அதுதான். இழுக்காவிட்டால் விசையை எவ்வளவு அமத்தினாலும் ஒன்றும் நடக்காது. உருளையில் ஆறு துளை. ஐந்தில்தான் தோட்டா போடுவார். குதிரைக்கு நேரே இருக்கும் துளை வெறுமையாக இருந்தால்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு நிம்மதியாக நடக்கலாமாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் பிடித்துக்கொண்டவள் நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தின் விண்ணப்பம், வைத்தியர், றிவோல்வர் எல்லாம் என் வாய் வழியாகத்தான் நடந்தன.

தன் குறியின் துல்லியத்துக்குச் சாட்சியாக, பியர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் வட்ட அட்டைகளைச் சுட்டுத் துளைத்துக் கொண்டுவந்து பரிசாகத் தருவார். அம்மா அவற்றின்மேல் தேநீர்க் கோப்பை வைப்பார். ஒருநாள் சித்தப்பா ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இடப்பக்கம் இழுக்குது," என்றார் மெதுவாக. பிறகு யாரும் கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, அட்டையை வைத்து அதன்மேல் கோப்பையையும் வைத்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. முந்திய ஆண்டு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லினிலிருந்து மேற்குக்கு வந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தவர். ஊரில் பலசரக்குக் கடையில் நின்றதாகச் சொன்னார். துப்பாக்கியைக் கையால் தொட்டதேயில்லை என்று விசாரணையில் சொல்லியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சிலருக்கு அது உண்மையாகவும் இருந்தது. பொய் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று விடுதியில் பேச்சு. அவருக்கு இன்னும் முடிவு வரவில்லை.

விடுதியில் ஒருவரையொருவர் எதையும் கேட்பார்கள். சீதனம் எவ்வளவு, மூலவியாதி எப்படி, எல்லாம். எந்த இயக்கத்தில் இருந்தாய் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். ஊரில் ஆயுத இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த காலம். பதில் பிழையாக வந்தாலும் நாளைக்கு அதே அடுப்பில்தான் பக்கத்தில் நின்று சோறு வடிக்கவேண்டும்.

அந்தக் கோடையில் சங்கத்துக்கு விழா வந்தது. குடியேறிகளின் வண்டியைச் செவ்விந்தியர் தாக்கவேண்டும். ஆனால் சங்கத்தில் எல்லோருக்கும் கௌபாயாகத்தான் ஆசை. ஷெரீப் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் வந்து சாகமுடியுமா என்று கேட்டார். சாப்பாடும் பியரும் உண்டு. மைதானம் எங்கள் மாவட்ட எல்லைக்குள்ளேயே இருந்ததால் சட்டச் சிக்கலும் இல்லை. எனக்கு விசேஷ வேடம்: குடியேறியின் மகள். ஷெரீப் விழுந்ததும் அவருடைய றிவோல்வரை எடுத்து, கடைசியாக நிற்கும் எதிரியை நான் சுடவேண்டும். ஒரேயொரு வெடி. அன்றிலிருந்து நான் சோப்பு, கரண்டி, பல்துலக்கி எல்லாவற்றின் குதிரையையும் இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

சித்தப்பா வர மறுத்தார். "எனக்கு ஏலாது அண்ணை. அந்தச் சாமான் இருக்கிற இடத்துக்கே நான் வரேல்லை."

"டேய், வெறும் வெடியடா," என்றார் அப்பா. "அந்த மனுசன் எங்கடை குளியலறையைச் சும்மா செய்து தந்தது. ஒருநாள் செத்துக் குடுத்தால் என்ன குறைஞ்சு போவாய்?"

நான் அழத் தொடங்கினேன். சித்தப்பா வந்தார்.

வெற்றுத் தோட்டாவில் மருந்து மட்டும்தான், குண்டு இல்லை; முகத்துக்குக் கிட்ட வெடித்தால் கண்ணைக் கெடுக்கும், தூரத்தில் அதற்குக் குறி கிடையாது. அதன் துல்லியம் முழுக்கச் சாகிறவரின் நேர்மையைப் பொறுத்தது. எங்கள் ஆட்களிடம் நேர்மை அளவுக்கு மிஞ்சி இருந்தது. முதல் வெடிக்கே இருவர் விழுந்தார்கள். ஊரில் கணிதம் படிப்பித்த மாஸ்ரர் அவர்களில் மூத்தவர். அவருக்கு முன்னால் சாவதா என்று மற்றவர்கள் கூச்சப்பட்டார்கள்.

"மாஸ்ரர், நீங்கள் முதல் விழுங்கோ."

"இல்லைத் தம்பி, நீர் விழும். எனக்கு முழங்கால் மடங்கக் கொஞ்ச நேரம் செல்லும்."

"ஒரு வெடிக்கு ஓராள்தானாம்!" என்று நான் வண்டிக்குள்ளிருந்து மொழிபெயர்த்துக் கத்தினேன்.

ஒருவழியாக எல்லோரும் செத்தார்கள். ஷெரீப்பும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சில்லின் அருகே சாய்ந்தார். செத்தபின் கண் திறக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. புல்வெளியின் அந்தப் பக்கத்தில் சித்தப்பா மட்டும், இறகுகளோடு, யாரோ நட்டுவிட்டுப் போன மரம்போல நின்றார்.

நான் றிவோல்வரை எடுத்தேன். சோப்பைவிடப் பாரமாக இருந்தது. நாலு தரம் கிளிக் என்று கேட்கும்வரை இழுக்கவேண்டும் என்று ஷெரீப் சொல்லித் தந்திருந்தார். இரண்டு பெருவிரல்களாலும் இழுத்தேன். இரண்டு தரம் கேட்டது. அதோடு என் பலம் முடிந்தது. விசையை அமத்தினேன். அசையவில்லை. சனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதாத பேனையை என்ன செய்வோமோ அதையே செய்தேன். திருப்பி, முனையைப் பார்த்தேன். பெருவிரல்கள் குதிரையை இழுத்தபடியே இருந்தன.

சித்தப்பா ஓடி வந்ததை நான் காணவில்லை. குழலுக்குள் இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை வந்து என் கைகளை மூடியது. அதன் பெருவிரல் குதிரைக்கும் இரும்புக்கும் இடையில் புகுந்தது. குழல் நிலத்தைப் பார்த்துத் திரும்பியது. அதற்குப் பிறகு நடந்தது மிக அழகாக இருந்தது. பக்கத்திலிருந்த சின்னக் கதவு திறந்தது. உருளை ஒவ்வொரு துளையாகத் திரும்ப, தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புல்லில் விழுந்தன. வெறுமையான துளையையும் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குதிரையைச் சத்தமில்லாமல் இறக்கினார். இவ்வளவுக்கும் அவர் தன் கையைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் உங்களைச் சுடேல்லை! சாகாமல் வந்திட்டீங்கள்!" என்று கத்தினேன்.

"பிறகு சுடு, குஞ்சு," என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துச் சனங்கள் கைதட்டினார்கள். ஷெரீப் கொள்கையை விட்டுக் கண்ணைத் திறந்து எழுந்துவந்தார். றிவோல்வரை வாங்கி, புல்லில் கிடந்த தோட்டாக்களைப் பார்த்து, சித்தப்பாவின் பெருவிரலைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இதை எங்கை பழகினீங்கள் எண்டு கேக்கிறார்," என்றேன்.

இதற்குள் புல்வெளியில் கிடந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கியிருந்தார்கள். மாஸ்ரர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். அப்பா மட்டும் முகத்தைப் புல்லில் வைத்தபடி செத்தே கிடந்தார்.

"படத்திலை பார்த்தனான் எண்டு சொல்லு," என்றார் சித்தப்பா.

சொன்னேன். ஷெரீப் தலையை ஆட்டினார். தான் ஆண்டுக்கணக்காகப் பழகியும், கையைப் பார்க்காமல் குதிரையை இறக்கத் தனக்கு வராது என்றார். இப்படி ஒரு கையைத் தங்கள் சங்கத்திலேயே கண்டதில்லை என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். சித்தப்பாவுக்கு மட்டுமல்ல, புல்வெளியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, குரலை உயர்த்தி. வெடி போனாலும், புகழப்படுகிறவர் என் சித்தப்பா அல்லவா.

அவர் முடிவுக்குக் காத்திராமல் பிரான்சுக்குப் போனது பிறகு. நான் சொல்லவந்தது நாங்கள் திரும்பிவந்த வான் வண்டியைப் பற்றி. ஷெரீப்பின் வானில் போகும்போது ஒருவர் மடியில் ஒருவராக, முழங்கைகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனோம். திரும்பும்போது சித்தப்பா முதலில் ஏறிப் பின் இருக்கையில் யன்னலோரம் அமர்ந்தார். மாஸ்ரர் ஒரு கணம் வாசலில் நின்றுவிட்டு, ஏற்கெனவே இருவர் இருந்த முன் இருக்கையில் நெருக்கிக்கொண்டார். மற்றவர்கள் நடு இருக்கையில் அடுக்கிக்கொண்டார்கள். ஒருவர் காற்று நல்லாயிருக்கு, நடந்தே வாறன் என்று சொல்லிவிட்டார். அப்பா நடு இருக்கையில் யாருடைய தோளுக்கோ பின்னால் இருந்து வெளியே பார்த்தார். களைத்துவிட்டார்கள், நாள் முழுக்கச் செத்தவர்கள்தானே என்று நினைத்தேன்.

பின் இருக்கை முழுவதும் எனக்கும் சித்தப்பாவுக்கும்தான். அவருடைய மடியில் தலையை வைத்துக் காலை நீட்டிப் படுத்தேன். அவ்வளவு ஆட்கள் ஏறிய வானில் அவ்வளவு இடம் எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. படுக்க நல்ல வசதியாக இருந்தது.