அருளானந்தம் சார் எழுதிய ஏழாவது விதி

அருளானந்தம் சார் காலமான செய்தி கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் திண்டிவனம் பஸ்ஸில் இருந்தேன். பிரம்மதேசம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் கைகூப்பி முடித்திருந்தார்கள். நான் கூப்பவில்லை. புள்ளியியல் துறையில் அவரோடு ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் என்பதால் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். நல்லதாக மட்டும் எழுத என்னால் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தரவைக் கொடுத்து மாணவர் குழுக்களை ஆராயச் சொல்லும் தரவுப் போட்டியை நடத்தியவர் அவர்தான். தரவில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது போன்ற விதிகளை அவரே எழுதி, அவரே வரிவரியாகப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவார். ஒருமுறை ஒரு மாணவன் கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அவனை வெளியே அனுப்பிவிட்டார். "படிக்காம கையெழுத்து போடறவன் கையில அடுத்தவங்க நோயை நான் குடுக்க மாட்டேன்" என்றார். அந்த வார்த்தை அன்று எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருடம் போட்டிக்கு வந்தது மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களின் மருத்துவ முகாம் தரவு. நான் மரக்காணத்துக்காரி, ஒரு குழுவுக்கு வழிகாட்டி. பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் சார் அதிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அவரவர் வேலை பார்க்கும் உப்புப் பாத்தியின் எண்ணை மட்டும் விட்டுவைத்தார், ஆய்வுக்கு வேண்டுமாம். எங்கள் பக்கம் ஒரு பாத்தியில் வருடக்கணக்காக ஒரே ஆள்தான் உப்பு வாருவார். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முனைவர் பட்டம் வாங்கியவருக்குத் தெரியவில்லை.

பதினேழாம் பாத்தி செல்வி அக்காவுடையது. எனக்குப் பக்கத்து வீடு. சிறுநீரகச் சோதனையின் அளவு ஆபத்தான எல்லையைத் தாண்டியிருந்தது. "ரிசல்ட் வீட்டுக்கே வரும்னாங்க, ஒண்ணும் வரல" என்று அக்கா முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாள்.

சாரிடம் ஓடினேன். "முகாம்காரங்களுக்கு லெட்டர் போடறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாதும்மா, கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார். லெட்டருக்குப் பதில் வர எத்தனை நாளாகும் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

மறுநாள் காலை நேராக உப்பளத்துக்குப் போனேன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வந்த நாலு பெண்கள் நடுவிலேயே சொல்லிவிட்டேன், என் அவசரம். அக்கா அன்றே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனாள், பிழைத்துக்கொண்டாள். வாரம் முடிவதற்குள் மேஸ்திரி, "வெயில்ல விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" என்று பதினேழை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். வேறு உப்பளத்திலும் அவளைக் கூப்பிடவில்லை.

சார் என் குழுவைப் போட்டியிலிருந்து நீக்கினார். மூன்று பிள்ளைகளும் அழுதார்கள். எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "நாங்க பேரை எடுத்தோம். நீங்க திரும்பப் போட்டுட்டீங்க" என்றார்.

"பாத்தி நம்பரை விட்டது யாரு சார்?" என்று கேட்டேன்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை, அந்தப் போட்டிப் பக்கமும் போகவில்லை. என்னுடைய தப்பை நான் ஒப்புக்கொண்டேன். அவர் தன்னுடையதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். கல்லறையில் மண் போடும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

போன வாரம் அவர் மேசையைக் காலி செய்தபோது, அந்தப் போட்டிக்கு அடுத்த வருடத்து விதித்தாள் கிடைத்தது. தரவில் பாத்தி எண் தரப்படாது என்று போட்டிருந்தார். ஏழாவது விதி புதியது: "தரவில் உள்ள ஒருவரின் உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தால் உடனே போட்டித் தலைவரிடம் கூறவும். தலைவர் அன்றே முகாம் மருத்துவரை நேரில் சந்தித்து, உரியவரிடம் தனியே சொல்ல வைப்பார்." யார் பெயரும் அதில் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் யார் படித்தாலும் எந்தப் பாத்தி என்று சொல்லிவிடுவார்கள்.

செல்வி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இதை மொதல்லயே எழுதியிருந்தா எம் பாத்தி எங்கிட்டயே இருந்திருக்கும்" என்றாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு தாள்தான்.