கம்பம் இல்லாத சனிக்கிழமை

ஃபிஷல் கோர்மன் மெல்பர்னில் வெகுகாலம் ஷூக் கடை வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேருடைய கால் அளவு அவருக்குத் தெரியும். ஆனால் எங்கள் யூத ஆட்களுக்கு அவர் கம்பிக்காரர். வெள்ளிக்கிழமை காலையானால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பழைய காரில் கிளம்பிவிடுவார். வீடுகளையும் கடைகளையும் வளைத்துக் கம்பத்துக்குக் கம்பம் நாங்கள் கட்டியிருக்கும் கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவார். ஒருமுறை, மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கிறான் ஒரு கிழவன் என்று யாரோ போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள். "இந்த வயசுல இது தேவையா தாத்தா?" என்று கேட்டாராம் போலீஸ்காரர்.

அந்தக் கம்பிக்கு ஏரூவ் என்று பெயர். ஓய்வுநாளான சனிக்கிழமையில் நாங்கள் வீட்டுக்கு வெளியே ஒரு கைக்குட்டையைக்கூட எடுத்துப் போகக் கூடாது, குழந்தை வண்டி தள்ளக் கூடாது. சுற்றிலும் கம்பி நின்றால் மட்டும், அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே வீடு என்று கணக்கு. யூதன் வீடு, கிறிஸ்தவன் வீடு, மசூதிக்குப் போகிற டாக்டர் வீடு, எல்லாம் சேர்த்துத்தான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஃபிஷல் அதை மனதார நம்பினார்.

அவர் மனைவி ஹிண்டாவுக்கு நரம்பு நோய். கால் போய்விட்டது, கை போய்க்கொண்டிருந்தது, அடுத்தது மூச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற நாளெல்லாம் மாத்திரையும் நர்ஸும்தான். சனிக்கிழமை மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் ஜெபக்கூடத்துக்குப் போய், பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, கொஞ்சம் ஜெபமும் நிறைய ஊர்வம்பும் கேட்டு, மனுஷியாகத் திரும்பி வருவாள். இன்னும் எத்தனை சனிக்கிழமை என்று இருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

கம்பிக்கான ஒரு கம்பம் தேவாலயத்துப் புல்வெளியில் நின்றது. இடம் கொடுத்தவர் பாஸ்டர் ராஸ் டன்பர். இரண்டு மதத்து ஆட்களும் மாதாமாதம் உட்கார்ந்து பேசுகிற கூட்டத்தை ஆரம்பித்ததும் அவரும் ஃபிஷலும்தான். எங்கள் சாப்பாட்டு விதிக்காக ஃபிஷலுக்கென்று அங்கே தனிக் கெட்டில், காகிதக் கோப்பை. "எங்க கேக் உங்களுக்குப் பாவம், எங்க ஜோக் மட்டும் பாவமில்லையா?" என்பார் பாஸ்டர். "உங்க ஜோக்குதாங்க பெரிய பாவம்" என்பார் ஃபிஷல். பிறகு காலம் கெட்டது. சண்டை எங்கோ தூரத்தில் நடந்தது, சாயத்தை எங்கள் ஜெபக்கூடச் சுவரில் ஊற்றினார்கள். வாசலுக்குக் காவலாள் வந்தான். கூட்டத்துக்கு வந்தவர்கள் முழங்கால் வலி, பேரன் பிறந்தநாள் என்று ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை புல்வெளியில் கம்பத்தைக் காணோம். பிடுங்கிய இடத்தில் புது மண். கம்பியைச் சுருட்டி வேலியில் மாட்டியிருந்தார்கள். காரைப் பார்த்து பாஸ்டர் வெளியே வந்தார்.

"சபைக் கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க, ஃபிஷல். உங்க மேல கோபமெல்லாம் இல்ல. கம்பத்தப் பாத்து எவனாவது கல்லெறிஞ்சா நம்ம ஜன்னல்தானே உடையும்னு பயப்படுறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பாஸ்டர் தரையைப் பார்த்தார். "சொல்லணும்னுதான் இருந்தேன்."

பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் ஆரம்பம். அதற்குள் வேறு கம்பம் நட வழியில்லை. எங்கள் ஆட்களில் இதைப் பார்த்தவர் ஃபிஷல் ஒருவர்தான். அவர் வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு ஹிண்டா ஜெபக்கூடத்துக்குப் போகலாம். அந்த ஆசையோடுதான் வீட்டுக்குள் நுழைந்தார். ஹிண்டா அவர் முகத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டாள்.

"என்ன, மூஞ்சி தொங்குது? கம்பி போச்சா?"

"நான் அந்தப் பக்கம் போகலன்னு வச்சுக்கோயேன்."

"பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன்."

"அப்போ எல்லாருக்கும் சொல்லிடு. எனக்காக ஊரே தப்பு பண்ண வேண்டாம்."

சொல்லிவிட்டார். பிறகு மனது கேட்காமல் எங்கள் மதகுரு ரபிக்குப் போன் போட்டார். "உடம்பு முடியாதவங்க. நம்ம ஆள் அல்லாத ஒருத்தர் தானா வந்து தள்ளினா போகலாம்" என்றார் ரபி. "ஆனா நீங்க வாய்விட்டுக் கேக்கக் கூடாது, கேட்டா ஓய்வுநாள்ல வேலை வாங்கினதா ஆயிடும். ஜாடையா வேணா சொல்லிக்குங்க."

கம்பத்தைப் பிடுங்க விட்டவரிடமே போய் ஜாடை பேச வேண்டும். போனார். ஹிண்டாவுக்காக அவர் எங்கேயும் போவார்.

"நாளைக்குக் காலைல ஹிண்டா தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பா, ராஸ். பாவம், சும்மா உக்காந்திருப்பா. நல்ல வெயில் வரும்னு ரேடியோல சொன்னான்."

பாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. "வெயில்ல நடக்கச் சொல்லி எனக்கும் டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார்.

சொன்னபடி வந்தார். "என்ன ராஸ், டிரைவர் வேலை எப்போ கெடச்சுது?" என்று சிரித்தாள் ஹிண்டா. அவர் தள்ள, வெறுங்கையோடு பின்னால் நடந்த ஃபிஷலுக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. கம்பம் போனால் என்ன, மனுஷன் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார்.

தெருமுனைக்கு வந்தார்கள். நேரே தேவாலயம். புல்வெளியில் சபைக்காரர்கள் கூட்டமாகச் செடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் ஒரு நிமிஷம் நின்றார். நாற்காலியை இடது பக்கம் திருப்பினார்.

"இது சுத்து வழியாச்சே?" என்றாள் ஹிண்டா.

"இங்க மேடு கம்மி."

எந்தத் தெரு மேடு, எது பள்ளம் என்று கம்பிக்காரருக்குத் தெரியாதா? இடது பக்கம்தான் ஏற்றம். பாஸ்டருக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கியது. ஒரே வீடு, ஒரே வீடு என்று நாம் மட்டும்தான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோமா என்று ஃபிஷலுக்குத் தோன்றியது.

கழுத்தைத் திருப்ப முடியாத ஹிண்டாவுக்கு அந்த மூச்சுச் சத்தம் போதுமாக இருந்தது.

"நிறுத்துங்க ராஸ். நீங்க என்னத் தள்ளுறத அவங்க பாத்துடக் கூடாதா?"

பாஸ்டர் நாற்காலியை நிறுத்தினார். "அவங்க என் சபை ஜனங்க, ஹிண்டா."

"சரி. வீட்டுக்குத் திருப்புங்க."

"ஜெபம் ஆரம்பிச்சிருப்பாங்களே..."

"வீட்டுக்கு."

கோபித்துக்கொண்டு இறங்கி நடக்க அவளுக்குக் காலில்லை. பிடுங்கித் தள்ளிக்கொண்டு போக ஃபிஷலுக்கு அனுமதியில்லை. அந்த மனிதர்தான் திரும்பவும் தள்ள வேண்டும். வந்த வழியெல்லாம் தள்ளினார், அழுதுகொண்டே தள்ளினார். ஃபிஷல் இரண்டடி பின்னால், கையைப் பின்புறம் கட்டிக்கொண்டு நடந்தார்.

வாசலில் பாஸ்டர் ஏதாவது ஒரு வார்த்தைக்காக நின்றார். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார்.

"ரொம்ப நன்றிங்க, பாஸ்டர்" என்றாள் ஹிண்டா. இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.