நான் அழித்த நீலக்கோடு

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். அச்சுக்கு வரும் படங்களில் கறை, மடிப்பு, கீறல் இருந்தால் கம்ப்யூட்டரில் அழித்துச் சுத்தமாக்க வேண்டும்.

காலண்டர் சீசனில் திருத்தங்கல் பக்கமிருந்து ஒரு டீச்சர் வந்தார். ரயில்வேயில் இருந்த அவருடைய மாமனார் வைத்திருந்த பழைய நில வரைபடத்தைக் கொடுத்து, கலெக்டர் மனுவோடு வைக்க ஐம்பது பிரதி கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. ரயில் பாதையை ஒட்டி மங்கலாக ஒரு நீலக்கோடு ஓடியது. மை ஒழுகியிருக்கிறது என்று நினைத்து அழித்துவிட்டேன். படம் பளிச்சென்று வந்தது. பாராட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

பிரதிகளை வாங்க வந்தபோது, ஒன்றை எடுத்து விரித்தார். அவர் விரல் ரயில் பாதையோரமாகத் தேடியது.

"வாய்க்கால் எங்க தம்பி?"

"அங்கன பிளாட்டுதான இருக்கு, டீச்சர்?"

"அந்த வாய்க்கால மூடித்தான் பிளாட்டுப் போட்டாக. போன மழைக்குத் தண்ணி போக வழியில்லாம தெருவுக்குள்ள வந்துச்சு. சுவரு இடிஞ்சு எங்க வீட்டுக்காரர் போயிட்டாக. இப்ப பிளாட்டுப் போட்டவுக வாய்க்காலே கிடையாதுன்னு சாதிக்கிறாக." அவர் குரல் உயரவில்லை. "அங்கன அவுக மூடுனாக. இங்கன நீங்களும் மூடிட்டீகளே."

ஓடிக்கொண்டிருந்த காலண்டர் வேலையை நிறுத்தி, மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். இந்த முறை மடிப்பைக்கூட நான் தொடவில்லை. டீச்சர் நீலக்கோட்டின் ஒரு வளைவில் விரலை வைத்து வெகுநேரம் நின்றார். அது அவர் தெருவாக இருக்கும்.

பன்னிரண்டு வருடமாகக் கறை என்று நினைத்து எவ்வளவோ அழித்திருக்கிறேன். அவையெல்லாம் கறைதானா என்று இதற்கு முன் யாரும் வந்து கேட்டதில்லை.